மனம் நொந்தால் இக்னேஷியா: சான்று என்ன சொல்கிறது?

ஹோமியோபதி பழக்கமுள்ள வீடுகளில் இக்னேஷியா என்ற பெயர் புதிதல்ல. நெருங்கியவர் இறந்தும் வாய்விட்டு அழ முடியாமல் இறுகிப்போனவர், காதல் முறிந்து பெருமூச்சு விட்டபடி திரியும் பிள்ளை, ஒரு கடுஞ்சொல் பொறுக்காமல் கண் கலங்கிவிடுகிறவர் ஆகியோருக்கு மருத்துவர் முதலில் நினைக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. 30 அல்லது 200 என்று எண் போட்ட சின்னப் புட்டியில் வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளாகக் கைக்கு வரும். நாலைந்தை நாக்கில் போட்டுக் கரைய விட வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சாப்பிட்டுத் தேறியதாகச் சொல்பவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தேறியது உருண்டையாலா, வேறு எதனாலா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காண, அந்த மருந்து எதிலிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது, சோதித்தவர்கள் என்ன கண்டார்கள் என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எட்டியின் உறவுக்காரக் கொட்டை

இக்னேஷியா ஒரு பெருங்கொடியின் விதை. பிலிப்பைன்ஸின் விசயா தீவுகள் அதற்குப் பெயர் பெற்ற இடம். கெட்டியான ஓடுள்ள அதன் காய்க்குள், சதையில் பதிந்தபடி கல்போன்ற விதைகள் இருக்கும். அந்தத் தீவுகளின் மக்கள் அதை மருந்தாக உட்கொண்டதோடு, தீவினை அண்டாமலிருக்கத் தாயத்தாகவும் அணிந்தார்கள். அங்கே போன இயேசு சபைத் துறவிகள் தங்கள் சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸின் பெயரை அந்தக் கொட்டைக்குச் சூட்டினார்கள். அவர்களில் ஒருவரான கியோர்க் யோசப் கமெல் மணிலாவில் மருந்தகம் நடத்தியவர். அவர் எழுதி அனுப்பிய குறிப்பு 1699இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சானது. தேயிலைச் செடி சேர்ந்த கமேலியா பேரினத்துக்கு லின்னேயஸ் வைத்தது இந்தக் கமெலின் பெயரைத்தான்.

இக்னேஷியா கொடியின் சொந்தக்காரர்கள் நம்மிடமும் உண்டு. எட்டி மரமும் கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டையும் அதே ஸ்ட்ரிக்னோஸ் பேரினம். தேத்தாங்கொட்டை சாது, எட்டியும் இக்னேஷியாவும் அப்படியல்ல. 1818இல் பிரான்சின் பெல்த்தியே, கவாந்து என்ற இரு வேதியியலாளர்கள் இக்னேஷியா கொட்டையிலிருந்து ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான குயினைனை 1820இல் பிரித்தவர்களும் இவர்களே. எட்டிக்கொட்டையிலும் இருப்பது இதே ஸ்ட்ரிக்னைன்தான்.

நம் தண்டுவடத்தில் நரம்புகளின் துடிப்பை அடக்கிவைக்க ஒரு தடுப்பு ஏற்பாடு இருக்கிறது. கிளைசின் என்ற பொருள் அதை இயக்குகிறது. ஸ்ட்ரிக்னைன் அந்தக் கிளைசினை அதற்குரிய இடத்தில் உட்காரவிடாமல் செய்துவிடும். தடுப்பு போனதும் சிறு சத்தம், சிறு தொடுதல், சிறு வெளிச்சம்கூட உடலை விறைத்து இழுக்கவைக்கும். ஒரு குண்டுமணி எடைக்கும் குறைவான அளவே வளர்ந்த ஆளைக் கொல்லப் போதும். ஆக, கொட்டை வீரியமானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஹானிமன் போட்ட கணக்கு

ஹோமியோபதியை வகுத்த சாமுவேல் ஹானிமன் 1755இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மைசன் நகரில் பிறந்தவர். முறைப்படி பயின்ற மருத்துவர். அந்தக் காலத்து மருத்துவம் இரத்தத்தை வடித்தது, பேதிக்குக் கொடுத்தது, பாதரசத்தைத் தின்னக் கொடுத்தது. அதில் வெறுத்துப்போன அவர் 1790இல், மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா பட்டையைத் தானே உண்டு பார்த்தார். மலேரியாவைப் போன்ற குறிகள் தமக்கு வந்ததாக எழுதினார். நலமுள்ளவருக்கு எந்தப் பொருள் எந்தக் குறியை உண்டாக்குகிறதோ, அதே குறியுள்ள நோயாளியை அது குணப்படுத்தும் என்பது அவர் அதிலிருந்து கட்டிய கொள்கை. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம்மவர்கள் இதைச் சொல்வார்கள். 1810இல் வந்த ஆர்கனான் என்ற நூலில் அதை முழு முறையாக விரித்தார்.

ஸ்ட்ரிக்னைன் ஏறியவர் சிறு தூண்டலுக்கும் துள்ளுவார். ஆகவே சிறு சொல்லுக்கும் துடித்துப்போகிறவருக்கு இக்னேஷியா என்ற பொருத்தம், இந்தக் கொள்கைப்படி பார்த்தால் எளிதில் விளங்கும். ஹானிமனும் அவருடன் இருந்தவர்களும் பொருளை உட்கொண்டு, அடுத்தடுத்து உடலிலும் மனத்திலும் தோன்றியதையெல்லாம் குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஹோமியோபதி நூல்களில் காணும் இக்னேஷியாவின் குணச்சித்திரம்: அடிக்கடி பெருமூச்சு, தொண்டையில் உருண்டை அடைத்தது போன்ற உணர்வு, சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருதல், துக்கத்தை வெளிக்காட்டாமல் தனியே குமுறுதல். ஆறுதல் தேடி அழுபவருக்கு பல்சட்டிலா, ஆறுதல் சொன்னால் எரிச்சலடைபவருக்கு நேட்ரம் மூர் என்று பக்கத்து மருந்துகளும் இப்படியே பிரிக்கப்பட்டிருக்கின்றன.

மனிதரைக் கூர்ந்து பார்த்தவர்கள் எழுதிய சித்திரங்கள் இவை. அதனால்தான் படிப்பவருக்கு, ‘இது நானேதான்’ என்று தோன்றுகிறது. ஆனால் குறித்துவைத்த முறையில் ஒரு பெரிய ஓட்டை. அந்தப் பொருளை உட்கொள்ளாத ஒருவரையும் அதே நாட்களில் குறிப்பெழுதச் சொல்லியிருந்தால் அவருக்கும் பெருமூச்சும் தலைவலியும் மனக்கலக்கமும் வந்திருக்குமே! அந்த ஒப்பீடு அன்று இல்லை. பின்னாளில் பெல்லடோனா 30 என்ற மருந்தை இப்படி ஒப்பிட்டுச் சோதித்த முடிவு 2003இல் பிரிட்டனில் வெளியானது. மருந்து எடுத்த நலமுள்ளவர்களுக்கும் வெறும் உருண்டை எடுத்தவர்களுக்கும் குறிகளில் வேறுபாடு தெரியவில்லை.

30 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

புட்டியின் மேலுள்ள எண்தான் வீரியம். கொட்டையின் சாரத்தில் ஒரு பங்கை எடுத்து 99 பங்கு சாராயக் கலவையில் விட்டுக் குலுக்கினால் 1ஆம் வீரியம். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் விட்டுக் குலுக்கினால் 2ஆம் வீரியம். இப்படி 30 முறை செய்தால் 30. எண் கூடக் கூட மருந்தின் வலு ஏறும் என்பது ஹோமியோபதியின் நம்பிக்கை. பொருளின் அளவோ ஒவ்வொரு படியிலும் நூறில் ஒன்றாகச் சுருங்குகிறது.

சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் சுத்தமான ஸ்ட்ரிக்னைனில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். அதை ஒவ்வொரு படியிலும் நூறில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டே போனால் 10ஆம் படியில் மிஞ்சுபவை வெறும் 18 மூலக்கூறுகள். 11ஆம் படியில் ஒன்றாவது இருந்தால் அதிர்ஷ்டம். அதற்குப் பின்னும் 19 படிகள் கழிந்துதான் 30 வருகிறது. 30ஆம் வீரியத்தில் கொட்டையின் ஒரே ஒரு மூலக்கூறைச் சந்திக்க வேண்டுமென்றால், பூமியின் எடையைப் போலப் பல கோடி மடங்கு எடையுள்ள திரவத்தைக் குடித்தாக வேண்டும். 200ஐப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் வழி ஹானிமன் முறையை வகுத்த நாளில் யாருக்கும் தெரியாது. ஆகவே இந்தப் பிழையை அவர் தலையில் சுமத்த முடியாது. இன்று அதை ஆதரிப்பவர்கள், பொருள் போனாலும் அதன் பதிவைத் தண்ணீர் நினைவில் வைத்திருக்கும் என்கிறார்கள். 1988இல் பிரான்சின் ழாக் பென்வெனிஸ்த் அப்படியொரு விளைவைக் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதே இதழின் ஆசிரியர் ஜான் மேடக்ஸ் ஒரு குழுவுடன் அவருடைய ஆய்வகத்துக்கே போனார். எந்தக் குழாயில் எது இருக்கிறது என்பதை ஆய்வாளருக்குத் தெரியாதபடி மறைத்துவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யவைத்தபோது விளைவு காணாமல் போயிற்று. தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்புகள் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலேயே அறுந்து மாறுபவை. அதோடு, அந்தத் திரவத்தைச் சர்க்கரை உருண்டையில் ஊற்றி உலரவிட்ட பின் நினைவு வைத்துக்கொள்ள அங்கே பெரிதாகத் தண்ணீரும் மிஞ்சுவதில்லை.

நோயாளிகளிடம் சோதித்தபோது

எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டாலும், வேலை செய்தால் போதாதா? நியாயமான கேள்வி. அதற்கு விடை நோயாளிகளிடம் செய்த சோதனையில்தான் கிடைக்கும்.

ஹோமியோபதி மருத்துவர்கள் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள். ஆளுக்கு ஆள் மருந்து மாறும். எல்லோருக்கும் ஒரே இக்னேஷியாவைக் கொடுத்துச் சோதிப்பது எங்கள் முறையே அல்ல என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அதற்கும் வழி இருக்கிறது. மருத்துவர் நோயாளியிடம் வழக்கம்போல நீண்ட நேரம் பேசி, தாம் விரும்பிய மருந்தை எழுதட்டும். சீட்டை வாங்கும் மருந்தாளுநர் மட்டும் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அந்த மருந்தையும் மீதிப் பேருக்கு அதேபோன்ற வெறும் உருண்டையையும் கொடுக்கட்டும். யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

மனப்பதற்ற நோய் உள்ள 44 பேரிடம் இப்படி ஒரு சோதனை நடத்தப்பட்டு 2003இல் வெளியானது. செய்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த மனநல ஆய்வாளர்கள். 10 வாரங்களின் முடிவில் மருந்து எடுத்தவர்களின் பதற்றம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. வெறும் உருண்டை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. இரண்டு பக்கத்தாரும் தேறினார்கள், மருந்து மட்டும் எதையும் கூட்டவில்லை.

எதிர்த்திசையில் காட்டப்படும் ஆய்வும் உண்டு. பிரேசிலில் மனச்சோர்வு உள்ள 91 பேரிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வில், ஆளுக்கேற்ற ஹோமியோபதி மருந்து ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு ஈடாக இருந்ததாக முடிவு வந்தது. ஆனால் அதில் வெறும் உருண்டை பெற்ற மூன்றாவது குழு இல்லை. மனச்சோர்வு ஆய்வுகளில் வெறும் மாத்திரை பெறுபவர்களும் கணிசமாகத் தேறுவது தெரிந்த செய்தி. அந்தக் குழு இல்லாதபோது, இரண்டும் சமம் என்பது எதையும் நிறுவுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஜெர்மனியில் 228 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 44 பேர்தான் சேர்ந்தார்கள். அவர்களிடம் மருந்துக்கும் வெறும் உருண்டைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆள் போதாததால் அதை இறுதித் தீர்ப்பாகவும் கொள்ள முடியவில்லை.

தனித்தனி ஆய்வுகளை விட்டு, எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? 2005இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு 110 ஹோமியோபதிச் சோதனைகளையும், அவற்றுக்கு இணையான 110 நவீன மருத்துவச் சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இரண்டு பக்கத்திலும் பெரியதாகவும் ஒழுங்காகவும் நடந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தபோது, நவீன மருந்துகளின் பலன் நின்றது. ஹோமியோபதியின் பலன் வெறும் மாத்திரையின் பலனிலிருந்து பிரித்தறிய முடியாததாகியது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 61 நோய்நிலைகள் பற்றிய ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலனளிப்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. மாறாக, ஆளுக்கேற்ற மருந்து கொடுத்த ஆய்வுகளை மட்டும் திரட்டி 2014இல் வந்த ஒரு தொகுப்பு, சிறு பலன் தென்படுவதாகச் சொன்னது. அந்த ஆய்வுகளின் தரம் குறைவு, ஆகவே முடிவை எச்சரிக்கையோடு கொள்ளுங்கள் என்று அதன் ஆசிரியர்களே எழுதினார்கள்.

இந்தச் சான்றுகளைப் பார்த்துப் பல நாடுகள் கொள்கையை மாற்றின. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2017இல், ஹோமியோபதி மருந்தை எழுத வேண்டாமென்று தன் மருத்துவர்களுக்குச் சொன்னது. பிரான்ஸ் 2021 முதல் அதற்கான காப்பீட்டுத் தொகையை நிறுத்தியது. இந்தியாவில் 1973 முதல் ஹோமியோபதிக்கு மையச் சட்டம் இருக்கிறது; அரசுக் கல்லூரிகளும் உண்டு, மதுரைக்கு அருகே திருமங்கலத்தில்கூட ஒன்று. சட்டம் சொல்வது யார் படிக்கலாம், யார் மருத்துவம் பார்க்கலாம் என்பதை. ஒரு மருந்து ஒரு நோயைத் தீர்க்குமா என்பதைச் சட்டம் தீர்மானிக்க முடியாது.

பிறகு ஏன் தேறுகிறார்கள்?

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. துக்கத்துக்கு நாள்தான் முதல் மருந்து. நெருங்கியவரை இழந்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சில மாதங்களில் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதோடு, யாரும் நிலைமை சுமாராக இருக்கும்போது மருத்துவரைத் தேடிப் போவதில்லை. தாங்கவே முடியாத நாளில்தான் போகிறோம். மிக மோசமான நாளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் நல்ல நாளாகத்தான் இருக்கும். அந்த நல்ல நாளின் புகழ் முந்தின நாள் சாப்பிட்ட உருண்டைக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஹோமியோபதி மருத்துவர் முதல் சந்திப்பில் ஒரு மணி நேரம்கூடப் பேசுவார். எதற்கு அழுகை வருகிறது, யார் சொன்ன சொல் குத்துகிறது, தூக்கம் எப்படி, கனவு என்ன, தனிமை பிடிக்குமா என்றெல்லாம் கேட்பார். நெரிசலான மருத்துவமனையில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பப்பட்ட ஒருவருக்கு, தன்னை முழுதாகக் கேட்கும் ஒரு மனிதர் கிடைப்பதே பெரிய சிகிச்சை. இது வெறும் ஊகம் இல்லை. பிரிட்டனில் முடக்குவாத நோயாளிகள் 83 பேரிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஹோமியோபதியின் உரையாடலையும் மருந்தையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தது. பலன் உரையாடலால் வந்தது, மருந்தால் அல்ல என்று முடிவு கிடைத்தது.

அமெரிக்காவில் எரிச்சல் குடல் நோய் உள்ள 262 பேரிடம் செய்த 2008ஆம் ஆண்டு ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. அங்கே கொடுத்தது உள்ளே குத்தாத போலி அக்குபஞ்சர் ஊசி. வெறுமனே காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 28 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். போலி ஊசி மட்டும் பெற்றவர்களில் அது 44 விழுக்காடு. போலி ஊசியோடு, அக்கறையாக உட்கார்ந்து கேட்டுப் பேசிய மருத்துவரும் கிடைத்தவர்களில் 62 விழுக்காடு. ஒருவர் உட்கார்ந்து காது கொடுப்பதன் மதிப்பை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தீங்கு உண்டா?

30, 200 போன்ற வீரியங்களில் நஞ்சு இல்லை, ஆகவே உருண்டை நேரடியாகக் கெடுக்காது. தாய்ச்சாரம் என்கிற மதர் டிங்சரும் மிகக் குறைந்த வீரியங்களும் அப்படியல்ல. அவற்றில் ஸ்ட்ரிக்னைன் உண்மையாகவே இருக்கலாம். அவற்றைத் தாமாக வாங்கிக் குடிப்பது ஆபத்து. அமெரிக்காவில் குழந்தைகளின் பல் முளைக்கும் வலிக்கு விற்ற ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா நஞ்சின் அளவு தாறுமாறாக இருந்ததை அந்நாட்டு உணவு மருந்துத் துறை கண்டு 2017இல் எச்சரித்தது.

பெரிய தீங்கு வேறு. உருண்டையை நம்பி நாள் கடத்துவதும், மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சட்டென நிறுத்துவதும்தான் அது. எல்லாத் துக்கமும் தானாக ஆறுவதில்லை. மாதங்கள் பல கடந்தும் வாழ்க்கையை முடக்கிப்போடும் நீடித்த துயரத்தை உலக நலவாழ்வு அமைப்பும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் தம் நோய்ப் பட்டியல்களில் தனி நோயாகவே சேர்த்திருக்கின்றன. அதற்கும், மனச்சோர்வுக்கும், பதற்ற நோய்க்கும் பேச்சுச் சிகிச்சை உண்டு. தேவைப்படுவோருக்கு மாத்திரையும் உண்டு. இவை வெறும் மாத்திரையோடும் காத்திருப்போடும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டவை. எல்லோருக்கும் முழுப் பலன் தருவதில்லை என்றாலும் பலருக்குத் தருகின்றன.

எளிதில் கலங்கும் மனம் என்பது தன்னளவில் நோயே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் பிறவியிலேயே கூர்ந்து உணர்பவர்கள். கூட்டமும் இரைச்சலும் பிறர் முகச்சுளிப்பும் அவர்களை அதிகம் தொடும். அது ஒரு சுபாவம். அதற்கு மருந்து தேடுவதைவிட, தூக்கத்தையும் ஓய்வையும் காத்துக்கொள்வதும், எது தன்னைக் கலக்குகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் பயன்தரும்.

என்ன செய்யலாம்?

இக்னேஷியா 30 சாப்பிட்டு ஆறுதல் பெறுகிறவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் சான்றைக் கேட்டால் விடை இதுதான்: கொட்டையின் வீரியம் உண்மை, புட்டிக்குள் அந்தக் கொட்டை இல்லை, ஒழுங்காகச் சோதித்த இடங்களில் உருண்டை வெறும் சர்க்கரையைவிட மேலானது என்று தெரியவரவில்லை.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விலகாவிட்டால், தூக்கமும் பசியும் போய்விட்டால், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் ஆகிவிட்டால், பிள்ளை பெற்ற தாய் குழந்தையைப் பார்க்கவே விருப்பமின்றி அழுதுகொண்டிருந்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். இந்தியாவில் டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம். வீட்டில் ஒருவர் துக்கத்தில் இருந்தால், அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, குறுக்கே புத்தி சொல்லாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஹோமியோபதியில் பலன் தருவதாகச் சோதனையில் தெரியவந்த பகுதி அதுதான். அதைச் செய்ய எந்தப் புட்டியும் தேவையில்லை.